இருபத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தோளுயரத்தில்
என் ஜன்னல்.
கீழே ரப்பர் ஷீட் மொத்தக்கடை.
மழை மாதங்களில் படியேறி வரும் புளித்த வாடைக்கு
வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.
எனக்கு அது இல்லாவிட்டால் எடிட்டிங் ஓடாது.

ஞாயிறு இரவு, பதினொன்றே கால்.
புது எஸ்.எஸ்.டி. கையில்:
பபிள்கம் பட்டை கனம், இரண்டு டெராபைட்.
இனயத்துக் கல்யாணத்தை இதில் ஏற்றி வெட்டினால்
பாதி நேரம் மிச்சம் என்று கணக்கு.
மாப்பிள்ளை ஆன்றோஸ் வியாழக்கிழமை கப்பலேறுகிறான்.

மதர்போர்டில் மூன்றாவது ஸ்லாட்
சும்மா கிடந்தது.
சும்மாதானே கிடக்கிறது என்று செருகினேன்.
ஒற்றைத் திருகு. மூடி. பொத்தான்.

புது டிரைவ் தெரிந்தது.
கல்யாணம் தெரியவில்லை.

சி இருக்கிறது, டி இருக்கிறது,
எஃப் இல்லை.
எஃப்பில்தான் பதினான்கு மணி நேரம்:
மந்திரகோடி, பங்குச்சாமி ஆசீர்வாதம்,
கோபுரத்தைச் சுற்றிவிட்டுக் கடல்பக்கம் போன ட்ரோன்,
கேமராவை அணைக்க மறந்த பெண்ணின் தம்பி
இருபது நிமிடம் எடுத்த தன் செருப்பு.

வயரைப் பிடுங்கினேன், ஊதினேன், மாட்டினேன்.
ஹார்டு டிஸ்கில் காதை வைத்தேன்.
உள்ளே தட்டு சுற்றுகிறது.
கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை.

ஒரு மணிக்கு, இதை அசெம்பிள் செய்த
பிரைட்சனை எழுப்பினேன்.
"எனக்க குத்தம் இல்ல, கேட்டியா?
பெட்டிக்குள்ள பொஸ்தகம் கெடக்கும், எடுத்துப் பாரு.
ஒறங்கட்டு."

ஆறு மொழியில் எச்சரிக்கை,
படம் போட்டுத் திருகு எண்ணிக்கை,
இருபத்தேழாம் பக்கத்தின் அடியில்
எறும்பு வரிசை:
மூன்றாம் எம்.டூவில் எதைப் பொருத்தினாலும்
ஐந்தாம், ஆறாம் சாட்டா இயங்கா.

சாகவில்லை.
அதன் வழியை நான்தான்
இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டேன்.
வாசல் எட்டு வெட்டியவன்
வழி ஆறுக்குத்தான் போட்டிருக்கிறான்.

சரி, இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றலாம்.
அங்கேயும் ஒரு நட்சத்திரக் குறி:
இங்கே நிரப்பினால்
கிராபிக்ஸ் கார்டின் பதினாறு தடம் எட்டாகும்.

எஸ்.எஸ்.டி. கேட்பது நாலு.
பதினாறில் நாலு போனால் பன்னிரண்டு என்றுதான்
எனக்கு கருங்கல் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்.
இங்கே எட்டு.
மிச்சம் நாலு
யாருக்கும் இல்லாமல் பலகைக்குள் படுத்திருக்கும்.

வளையலை அடகு வைத்து வாங்கிய கார்டு.
பாதித் தடத்தை எடுக்கப் போகிறேன் என்றபோது
எனக்கு வயிறு எரிந்தது;
கார்டு ஒன்றும் சொல்லவில்லை.
மாற்றினேன்.

எஃப் வந்தது.
செருப்பு வந்தது. இருபது நிமிடமும்
ஒரு நொடி குறையாமல்.

விடியுமுன் ஒரே பாட்டை இரண்டு விதமாக எடுத்துப் பார்த்தேன்.
பதினாறில்: நாற்பத்தொரு நிமிடம், பத்து நொடி.
எட்டில்: நாற்பத்தொரு நிமிடம், ஐம்பத்திரண்டு.
நாற்பத்திரண்டு நொடி.
இதற்கா வயிறு எரிந்தது.
நேற்றுவரை அந்தப் பதினாறு வழியிலும்
என் கார்டு கைவீசி நடந்திருக்கிறது,
ஆளில்லாத நாலுவழிச் சாலையில்
ஒற்றை ஆட்டோ போல.

ஆனால் வெட்டுகிற வேலை பறந்தது.
எஸ்.எஸ்.டி. இப்போது யாரிடமும் கேட்காமல்
பிராசசர் வீட்டுக்கு நேரே போகிறது.
சாட்டா, யுஎஸ்பி, இன்டர்நெட் எல்லாம்
சிப்செட் ஒற்றைப் பாலத்தில்
முண்டியடிக்கட்டும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குழித்துறை பஸ்
லாரிக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது.
பார்த்தேன். ஒப்பிடவில்லை. தூக்கம் வந்தது.

புதன் மாலை பென் டிரைவ் வாங்க வந்த
ஆன்றோஸின் அம்மா கேட்டாள்:
"ஏன் மோளே இவ்வளவு பிந்திப் போச்சு?"

பங்கு பிரிப்பதில் சின்னப் பிரச்சினை, அம்மா.

அவள் முகம் மாறியது.
நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டாள்,
குரலைத் தாழ்த்தினாள்:
"எந்தப் பங்கு?
எங்க பங்கா, பெண்ணு வீட்டுப் பங்கா?"