நகமும் சதையும்

ஆங் மோ கியோ சென்ட்ரலில்
மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு.
முகம் பார்க்கும் கண்ணாடிகள் மட்டும் நாற்பத்திரண்டு.
முதல் நாளே எண்ணிவிட்டேன்.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
எனக்கு முன்னால்
என் பரு வந்து நிற்கிறது.

பருவத்தில் வருவதால் பரு என்றார்கள்.
முப்பத்தொன்று ஆகிறது எனக்கு.
பருவம் கிளம்பும்போது
‘வம்’மை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால்
கொக்கியைச் சரிசெய்கிறேன்.
புது லென்ஸில் அவருக்கு
முதன்முதலாய்த் துல்லியமாகத் தெரிவது
என் தாடை.
‘ஓ’ என்கிறார்.
கண்ணாடி நன்றாக இருக்கிறதாம்.

நகமும் சதையும்போல என்று
உறவுக்கு உவமை சொன்ன ஆளுக்கு
ஒரு பருகூட வந்திருக்காது.

சனிக்கிழமை சியூ லிங்கின் திருமண விருந்து.
வியாழன் இரவு, பதினோராம் மாடி,
குளியலறைக் கதவைத் தாழிட்டேன்.
இரண்டு ஆள்காட்டி விரல்கள்.
ஒரு நொடி வெற்றி,
கண்ணாடியில் ஒரு சிறு தெறிப்பு,
பிறகு நீர், பிறகு ரத்தம்.

வெளியே வந்தது பாதிதான்.
மீதி எங்கே போகும்?
வீவக வீட்டில் குடியிருப்பவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்:
மேல்வீட்டுத் தரை உடைந்தால்
ஒழுகுவது கீழ்வீட்டுக் கூரையில்.
தோலுக்குள் ஒரு சுவர் இடிந்து
சீழ் அக்கம்பக்கம் குடியேறியது.

அதன் மேல் பற்பசை வேறு அப்பினேன்.
பிள்ளையையும் கிள்ளிவிட்டு
தொட்டிலையும் ஆட்டினேன்.

விருந்துப் படங்களில்
நான் இடப்பக்கம் மட்டும் இருக்கிறேன்.
நாலு நாளில் அடங்கியிருக்கும் பரு
ஐந்து மாதம் கறுப்பாய்த் தங்கியது,
ஓரத்தில் ஊசிமுனைக் குழியோடு.
குழி இன்னும் இருக்கிறது.

மருந்துக்கடையில் ஃபர்ஹானா.
தன் கன்னக் குழிகளை
அவள் எதைக்கொண்டும் மூடவில்லை.
பென்சாயில் பெராக்சைடு, இரண்டரை சதவீதம்.
‘பத்து வேண்டாமா?’
‘எரிச்சல்தான் கூடும்.’
பட்டாணி அளவு, முகம் முழுக்க;
வந்த பருவுக்கு மட்டுமல்ல,
வரப்போவதற்கும் சேர்த்து.
தேய்க்காமல் கழுவு.
ஈரப்பதக் களிம்பை விடாதே.
கூரைபோட்ட நடைபாதையிலேயே போனாலும்
சன்ஸ்கிரீன் போடு,
தழும்பு வெயிலைத் தேடிக் கறுக்கும்.
உள்ளே கட்டியாய் வலித்தால்
என்னிடம் வராதே, மருத்துவரிடம் போ.
எட்டு வாரம்.
அதற்கு முன் என்னைத் திட்டவும் வராதே.

மருந்து பட்ட இடமெல்லாம் சாயம் போயிற்று.
நீலத் தலையணை உறையில்
முதலில் உபின்,
பிறகு தேக்கோங்,
பிறகு பெயரில்லாத குட்டித் தீவுகள்.

மூன்றாம் வாரம் தோல் உரிந்தது.
இருந்ததைவிட மோசம்.
மோவாயில் ஒன்று
வெள்ளைத் தலை தூக்கி
வா வா என்றது.
நகங்களை ஒட்ட வெட்டினேன்.
வட்டமான ஒட்டுப்பட்டை ஒன்றை
அதன்மேல் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.
முதல் கண்ணாடி வாங்க வந்த ஆறு வயது அனிருத்தன்
லென்ஸ் போட்டதும் கேட்டான்:
‘ஆண்ட்டி, உங்க பொட்டு
ஏன் கீழே இறங்கிடுச்சு?’

எட்டாம் வாரம் எதுவும் நடக்கவில்லை.
ஒன்பதாம் வாரம், ஏதோ ஒரு புதன்,
புதுக் கண்ணாடி போட்ட ஒருவர்
முதலில் விலைச்சீட்டைப் பார்த்தார்.
‘ஓ’ என்றார்.
எவ்வளவு இனிமையான ‘ஓ’.

இன்று ஒருவன் வந்திருக்கிறான்,
தேசிய சேவையில், ஒட்ட வெட்டிய தலை,
தலைக்கவச வார் பதிந்த கோட்டில்
வரிசையாய்ச் சிவந்த பருக்கள்.
ஃபிரேம் பார்க்கிற சாக்கில்
பதினேழாம் கண்ணாடிக்கு நெருங்குகிறான்.
விரல் தாடைக்கு ஏறுகிறது.
எனக்குத் தெரியும் அந்த விரல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வலக்கையில் ஒரு கறுப்பு ஃபிரேம் கொடுத்தேன்,
இடக்கையில் ஒரு பழுப்பு.
எதை எடுப்பது என்று
இப்போது அவனுக்குக்
கைகொள்ளாத கவலை.