சுற்றுவழி

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள்.
பாலாற்றில் தண்ணீர் இல்லை, உண்மைதான்.
லூக்கா மேஸ்திரி தெருவில் மட்டும்
ஐப்பசி தொடங்கி பங்குனி வரை
அது வற்றியதே இல்லை.
அது என் வார்டு.

குருத்தோலை ஞாயிறு, காலை ஆறரை.
கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில்
ஆயருக்கு அடுத்த வரிசையில் நான்.
ஓசன்னா என்று ஓலையை உயர்த்தும்போதெல்லாம்
கடை வாசலில் யாராவது
எனக்கு வணக்கம் வைத்தார்கள்.
நானும் ஓலையோடு சேர்த்தே கும்பிட்டேன்.
பாட்டு யாருக்கு, கும்பிடு யாருக்கு என்று
பிரித்துப் பார்க்கவில்லை.

டேங்க் முனையில் பவனி
இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
வருஷாவருஷம் இடப்பக்கம்தான்.
இந்த வருஷம் நேராகப் போனது.
ஆயர் அங்கியைச் சரிசெய்துகொண்டு
திரும்பிப் பார்க்காமல் பாடினார்.
கமிட்டியில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.
எனக்குச் சொல்லாமல் விட்டது
மரியாதைக்காகத்தான்.
அதுதான் சுட்டது.
ராஜா வருகிறார் என்று பாடிக்கொண்டே
என் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஜெயித்த வாரம்
ஸ்தோத்திரக் காணிக்கை ஐயாயிரத்து ஒன்று.
சிறியவளைத் தூக்கி நிறுத்தினார் என்று
சாட்சி சொன்னேன்,
மைக்கைக் கேட்டு வாங்கும்வரை.
சமுதாயக்கூடத்துக் கல்வெட்டில்
தேவனுக்கே மகிமை, அரை அங்குலம்.
கீழே வி. எப்சிபா, மாமன்ற உறுப்பினர்,
நாலு அங்குலம்.
அளவு மாறிப்போச்சாம்மா என்று
கல் கொத்துகிறவர் கேட்டார்.
சரியாத்தான் இருக்கு என்றேன்.
இந்தத் தெரு ஓடைக்கான கோப்பும்
பதினோரு மாதமாகக் கிடக்கிறது,
பலகையில் யார் பெயர் முதலில் என்பதில்.

இரண்டாம் சரணம் முடிவதற்குள்
வரிசையிலிருந்து நழுவித் திரும்பினேன்.
பக்தி ஒன்றுமில்லை.
அங்கே யாராவது காத்திருப்பார்களோ
என்கிற பயம்.

காத்திருந்தார்கள்.
நிற்க இடமிருந்த படிகளில்,
கையில் தென்னங்குருத்தோடு.
தெருவின் இரண்டு பக்கமும்
பிளீச்சிங் பவுடர் கோடு.
மந்திரி வந்தால் நாங்கள் போடுவோமே,
அதே மாதிரி.
அவர்கள் காசில்.

பீடி சுற்றும் லோவிசாள் கேட்டாள்,
பவனி எங்கம்மா?
பின்னால வருது என்றேன்.
பொய் அந்தச் சந்துக்குள்
நாலடி போவதற்குள் நின்றுவிட்டது.
வராது லோவிசா. என்னாலதான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காலால் ஒரு செங்கல்லைத் தள்ளிப் போட்டாள்,
இதுமேல கால வைங்க, புடவை பாழாகிடும்.
வைத்தேன்.
அடுத்த செங்கல் இல்லை.
கணுக்கால்வரை இறங்கியது
என் நிர்வாகம்.

அந்தக் கழுதையைப் பற்றி
எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
கோஷமெல்லாம் தனக்கென்று நினைத்ததாம்.
சபை சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன்.
ஆண்டவரே, நான் அதுகூட இல்லை.
அது இந்தத் தெருவழியே
நடந்து போயிருக்கும்.

அங்கிருந்தே எஞ்சினியருக்குப் போன் செய்தேன்.
ஞாயிற்றுக்கிழமைம்மா என்றார்.
யார் பெயரை வேண்டுமானாலும்
முதலில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.
எதுக்கு மேடம்? என்றார், தூக்கக் கலக்கத்தில்.

கோயிலுக்குப் போனபோது பிரசங்கம் பாதி.
எனக்கென்று போடும் குஷன் நாற்காலி
முன்னால் காலியாக இருந்தது.
கோயில்பிள்ளை கைகாட்டினார்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்,
தாழ்மையால் அல்ல, நாற்றத்தால்.
பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒரு சாண் நகர்ந்தான்.

கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை.
நாளைக்கு அந்த ஆபீஸ்
எத்தனை மணிக்குத் திறக்கும்
என்பதுதான் வந்தது.
ஆமென் என்று
அதோடு சொல்லிவிட்டேன்.