ஆறாம் நாள் மஞ்சள்

அடிபட்ட தோல் முதல் நாள் சிவக்கும்.
மறுநாள் கன்றிக் கறுக்கும்.
ஆறாம் நாள் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறும்.
இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை.
பத்தொன்பது வருடம்
போஹுமிலோடு குடித்தனம் செய்தவள் நான்.

ஒஸ்த்ராவாவில் அவனுடைய சுரங்கம் மூடிய வருடம்
விவாகரத்து வாங்கினேன்.
பிறகு டிராம் ஓட்டினேன், எட்டாம் எண் தடம்,
இருபத்தாறு குளிர்காலம்.
அவன் முகம் மறக்கத் தொடங்கியிருந்தபோது
மகள் ரத்கா லிஸ்பனிலிருந்து போன் செய்தாள்:
"அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன்.
பக்கத்தில் இருப்பது நீ ஒருத்திதான்."

ஞாயிறுதோறும் போனேன், மூன்றாம் மாடி,
கையில் ஒரு பொட்டலம் கசகசா ரொட்டி.
அவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை.
ஒரு வாரம் பல் டாக்டர்,
மறுவாரம் வாடகை கேட்க வந்தவள்.
எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

அக்டோபரில், ஸ்வெட்டர் கையை மடித்துவிடும்போது
மேல்கையில் நான்கு விரல்,
எதிர்ப்புறம் ஒரு கட்டைவிரல்.
ஓரமெல்லாம் மஞ்சள்.
எண்ணிப் பார்த்தேன்: செவ்வாய்க்கிழமை.

"விழுந்துவிட்டார்" என்றாள் விளாஸ்தா,
போர்வையை உதறியபடி.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
இறைச்சிக் கடையில், ரத்காவின் பள்ளி வாசலில்,
பெற்றவளிடம்கூட
நானே சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்.
படிக்கட்டில் விழுந்தேன். குளியலறையில் விழுந்தேன்.
தரைக்கு விரல் உண்டா என்று
அன்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன்.
லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து சேரும்வரை
எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.
கதவு திறந்தது. ஏறவில்லை.
திறந்த கதவு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.

அதன்பின் கிழமை மாற்றி மாற்றிப் போனேன்.
புதன் காலை. வெள்ளி இரவு, சூப் கொடுக்கும் நேரம்.
அழைப்பு மணியின் கயிற்றைச் சுருட்டி
கட்டிலுக்குப் பின்னால் முடிச்சிட்டிருந்தார்கள்.
தண்ணீர் டம்ளர் ஜன்னல் விளிம்பில்;
குடித்தால் படுக்கையை நனைப்பானாம்.
தடத்தின் பக்கத்தில் பத்துக் கொருனா நாணயம் வைத்துப்
படம் எடுத்தேன்.
பள்ளி நோட்டில் தேதி, மணி, பணியில் இருந்தவர் பெயர்.

இயக்குநர் காபி கொடுத்தார்.
"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"
"முன்னாள் மனைவி."
"அப்படியானால் சட்டப்படி..." என்று இழுத்தார்.
சட்டப்படி ரத்காவின் கையெழுத்து
வியாழனன்று தபாலில் வந்தது.

விசாரணைக்கு இருவர் வந்தார்கள்.
அவனிடமே கேட்டார்கள்.
அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
விளாஸ்தா நின்ற பக்கம் பாராமல்
"விழுந்துட்டேன்" என்றான்.

அந்தக் குரல் என்னுடையது.
அதுவரை நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தவள்
அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து
உரக்கப் படித்தேன்.

புது இல்லம் ஓபாவா சாலையில், தரைத்தளம்.
"மன்னித்துவிட்டாயா அம்மா?" என்றாள் ரத்கா போனில்.
ரொட்டி தீர்ந்துவிட்டது, வாங்கப் போகிறேன் என்றேன்.

முதல் நாள் இரவு,
மணியின் பொத்தானை அவன் உள்ளங்கையில் வைத்து
அவன் விரலாலேயே அழுத்தினேன்.
எண்ணத் தொடங்கினேன்.

அந்தக் காலத்திலும் எண்ணுவேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹவ்ரானெக்
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.
ஐந்நூறு தாண்டியும் எண்ணியிருக்கிறேன்.

முப்பத்தேழில் நடைவழியில் செருப்புச் சத்தம்.
கதவைத் திறந்து ஒரு பையன் தலை நீட்டினான்,
வாயில் பாதி மென்ற ஆப்பிள்.
"என்ன வேண்டும்?"

ஒன்றுமில்லை என்றேன்.
வருகிறீர்களா என்று பார்த்தேன்.