தளை தட்டாமல்

ஓல்ட்டன் ரயில் நிலையம், பன்னிரண்டாம் மேடை.
கூரை முடிகிற இடத்தில்
பனிமூட்டமும் நாங்கள் மூவரும்.

மூன்று சனிக்கிழமையாய் எண்கள்தான் எங்கள் பேச்சு.
"அறுநூற்று நாற்பது போயிற்றா?"
"பச்சையா, சிவப்பா?"

இன்று சரக்கு வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
குளிர் யூர்க்கின் வாயைத் திறந்தது.
பல்செட் செய்கிறவர். அதே பூதக்கண்ணாடியால்
ஞாயிறுகளில் பாசி பார்ப்பாராம்.
கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டி;
அதற்குள், சல்லிக்கல்லில் சுரண்டிய ஒரு காடு.

தமாரா ஜனவரி ஆற்றில் நீந்துவாள்.
ஏன் என்றால் தெரியாதாம்.

"நீங்கள்?"
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், என்றேன்.
"அது வேலை" என்றாள்.

வீட்டிலேயே அரைகுறையாய்த்தான் தெரியும்:
நான் வெண்பா எழுதுகிறவள்.
என் ஜெர்மன் அதைத் தாங்கவில்லை.
பக்கத்துத் தடத்தில் நின்ற பெட்டிகளைக் காட்டினேன்.
இது சீர். நடுவில் இந்தக் கொக்கி, தளை.
எதன் பின்னாலும் எதையும் மாட்ட முடியாது.
"மாட்டினால்?"
தட்டும்.
"தடம் புரளுமா?"
இல்லை. காதுள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்போது வந்தது வண்டி.
எண்ணெய்த் தாங்கிகள், மரக்கட்டைகள், மூடிய பெட்டிகள்,
மேடை அதிர அதிர.
தமாரா விரலால் காற்றில் சீர் பிரித்தாள்,
பாதி தப்பாக.
யூர்க் கண்ணை மூடிக்கொண்டார்.
கடைசிப் பெட்டி குட்டை. இரண்டே தட்டு.

"காசு!" என்று கத்திவிட்டேன்.
காசென்றால்?
பணம். வெண்பா அதில் முடியலாம்.
"இந்த நாட்டில் எல்லாமே அதில்தான் முடியும்"
என்றார் யூர்க், தீப்பெட்டியை மூடியபடி.

எஞ்சினின் எண்ணை
மூவருமே பார்க்கவில்லை.