சிவப்பு வால்

பொகவந்தலாவையில் மழை விட்டால் அது செய்தி.
இன்று விட்டிருக்கிறது.
கடையை அரைக்கதவு சாத்திவிட்டு
காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கொழுந்து மடுவத்துக்கு ஏறுகிறேன்.

பழைய இரும்பு எடுக்கும் நவ்ஷாட்
நிறுத்துத்தான் தந்தார்:
ஒரு கிலோ எழுநூறு கிராம்,
அதில் பாதி சேறு.
பங்களா கராஜில்
உடைந்த புல்வெட்டிக்குக் கீழே
நாற்பது வருடம் குப்புறக் கிடந்ததாம்.
நாலு சக்கரமும் நாலு திசை பார்த்தன.
பெட்டரி அறைக்குள்
பச்சையாய்ப் பூத்திருந்தது களிம்பு.

பகலில் நான் ஃபோன் திருத்துகிறவள்.
இரவில் இது.
மோட்டாரின் கரி தேய்ந்திருந்தது;
மிக்ஸியின் கரியை அரத்தில் உரசி உரசி
நகத்தளவாக்கினேன்.
தண்ணீரில் விழுந்த ட்ரில்லிலிருந்து ஆறு செல்.
பல் போன கியருக்காக மூன்று பிரிண்டரைக் கொன்றேன்,
மூன்றாவதில்தான் பொருந்தியது.
கருப்பட்டியாய் இறுகிய கிரீஸ்
மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறியும்
ஊசிக்குத்தான் மசிந்தது.
டயர் வெடித்திருந்தது.
யாருடைய குதிகாலைப் போலவும் இல்லை,
டயரைப் போலவே வெடித்திருந்தது.
பசை வைத்தேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான்:
"இது ஓடி எங்க போகப்போவுது?"
மடுவத்து முற்றத்தைச் சுற்றி
மறுபடி மடுவத்துக்கே, என்றேன்.
"ஹட்டன் பஸ்ஸும் அப்படித்தான்" என்று
பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

முதல் ஞாயிறு ஓடியது.
மூன்றே படி வேகம்:
நில், போ, தொலை.
நடுவில் எதுவும் இல்லை.
தொலைந்து தொலைந்து
கானுக்குள் இரண்டு தரம் விழுந்தது.
எழுப்பிவிட்டால்
அட்டை ஒட்டிய சக்கரத்தோடு மறுபடி பறந்தது.
சிரித்தேன், தனியாக, சத்தமாக.

இரண்டாம் ஞாயிறு
நான் திருப்பாமலே இடப்பக்கம் திரும்பியது.
நிறுத்தினால் போனது.
தராசுக் கம்பத்தில் முட்டி, பின்வாங்கி,
எதையோ யோசிப்பது போல் நின்றது.
வயரை மாற்றினேன். ஏரியலை நீட்டினேன்.
கடைசியில் ரிமோட்டையே அணைத்தேன்.
அணைத்த பிறகும் ஓடியது,
என்னைவிட ஒழுங்காக.

அப்போதுதான் விளங்கியது.
அக்கரையில் யாரோ ஓட்டுகிறார்.

காரை நெஞ்சோடு அணைத்துப் பாலம் கடந்தேன்.
கிட்டப் போகப் போக வெறி கூடியது அதற்கு;
கைக்குள்ளேயே சுழன்று
சட்டை நுனியைத் தின்றது.
மாதா கோவில் முற்றத்தில்
கொழுந்து லொறி ஓட்டும் ஜெபநேசன்,
முழங்கால் மடித்து, நாக்கைக் கடித்தபடி,
நீலத்தில் ஒரு கார்.
அதன் பம்பரில் எலுமிச்சம்பழம்.

"போன கிழம இதுக்குப் பேய் புடிச்சிருச்சி" என்றார்.
"அது நான்தான்" என்றேன்.

மூடிகளைக் கழற்றினோம்.
அவருடையதிலும் அதே கிறிஸ்டல்,
சோளமணி அளவு, சிவப்பு வால்.
ஒரே அலை.
இத்தனை மலைக்கு நடுவில்
இத்தனை பழைய பைத்தியம் இரண்டு பேருக்கு,
அதுவும் ஒரே நிறத்தில்.

ஏற்பாடு செய்துகொண்டோம்:
பதினொரு மணி வரை நான்,
பூசை முடிந்து அவர்.
கொழும்புக்குத் தூள் ஏற்றிப் போனபோது
புறக்கோட்டையில் தேடி
மஞ்சள் வால் ஒரு ஜோடி கொண்டுவந்தார்.
பாதிச் சல்லி கொடுத்தேன்.
நாலு மாசமாய் அது
கடை லாச்சியில், சிம் ஊசிகளோடு கிடக்கிறது.
அவரும் கேட்கவில்லை.

இன்று முற்றம் பாதிதான் தெரிகிறது.
மீதி பனி.
தொலை, என்கிறேன்;
பனிக்குள் நுழைந்து காணாமல் போகிறது.
சத்தம் மட்டும் வருகிறது,
கூடவே ரெசிஸ்டர் சுடும் வாசம்.
வலப்பக்கம் ஒடிக்கிறேன்.
சத்தம் இடப்பக்கம் போகிறது.

மணி பார்க்கிறேன்.
பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம்.
கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு
எங்கே கொண்டுபோகிறார் என்று
கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.