ஒற்றைக் கையால்

காரைக்குடி, செக்காலைச் சாலை,
எவர்சில்வர் கடைக்கு மேல் மாடி.
மின்சாரம் போய் வந்தபின்
அட்டவணை மறுபடி திறக்கிறது:
அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
எல்லாம் ‘வேண்டும்’ என்றே முடிகின்றன.

கடன் கொடுத்தவன் சொல்வதும் வேண்டும்,
குன்றக்குடிக்குக் காவடி எடுப்பவன் சொல்வதும் வேண்டும்.
என் வேலையில் அதற்கு ஒரே பொருள்:
அளந்து காட்டும்வரை
விமானம் தரையை விடாது.

பழைய சரக்கு விமானம்,
புது எரிபொருள் அடைப்பு வால்வு.
“ஒரு வால்வுதானே உமையாள் மேடம்” என்கிறார்
பெங்களூரிலிருந்து பெலிக்ஸ்.
ஒரு வால்வு என்றால்
அதன் கம்பி, அதன் எடை, அதன் விளக்கு,
விளக்கு எரியும்போது விமானி புரட்டும் தாள்.

கீழே கல்யாணத்துக்குச் சாமான் எடுக்கிறார்கள்.
மணவறைக்கு முன்னால் பரப்பிவைக்க
ஒரு குரல் சட்டிகளை எண்ணுகிறது.
பெண் பேச வந்தால் எங்கள் வீடுகளில் முதல் கேள்வி
எந்தக் கோயில், எந்தப் பிரிவு.
நானும் அதையேதான் கேட்கிறேன், வரி வரியாக:
நீ யார் கேட்டுப் பிறந்தாய்?
உன்னை எந்தச் சோதனை கட்டிக்கொள்ளும்?

4.3.17 வாய் திறக்கவில்லை.
‘கைப்பிடியை ஒரு கையால் திருப்ப இயல வேண்டும்.’
மேலே தாய்வரி இல்லை.
காரணம் என்ற கட்டத்தில் வெறும் கோடு.
புது வால்வோ இறுக்கம்;
சோதனை மேடையில்
இரண்டு கை போட்டுத்தான் திருப்பினார்கள்.
ஐந்து மணிக்குள் நீக்கிவிடச் சொல்லி
மூன்றாவது மின்னஞ்சல்.
அநாதை வரிதானே.

நீக்கும் விசைமேல் விரல் வைத்தேன்.
பொய் சொல்லவில்லை, வைத்தேன்.
பிறகு எட்டு வருடக் கூட்டக் குறிப்புகளைத் தோண்டினேன்.
தேநீரில் ஆடை படர்ந்தது.
நூற்று நாற்பதாம் பக்கம், பென்சில் எழுத்து,
கோணலாக ஸ்கேன் செய்தது:
கேப்டன் ரொசாரியோ —
“புகை. மற்ற கை முகமூடியைப் பிடித்திருந்தது.”
அவ்வளவுதான்.
அடுத்த வரி மதிய உணவுச் செலவு.

அடுக்களைக்குப் போனேன்.
இடக்கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு
வலக்கையால் சிலிண்டர் குமிழைத் திருகினேன்.
திரும்பியது.
ஆனால் எனக்குக் கண் எரியவில்லை,
காலடியில் தரை சாயவில்லை,
முதுகுக்குப் பின்னால்
பன்னிரண்டு டன் வெங்காயம் புகையவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு எழுதினேன்:
நீக்கப்படவில்லை.
தாய்வரி: கூட்டக் குறிப்பு, பக்கம் 140.

பெலிக்ஸ் அழைத்தார்.
“கைப்பிடியை நாலு சென்டிமீட்டர் நீட்டினால்
ஒரு கைக்கு வந்துவிடும் மேடம். ஆனால் —”
அந்த ஆனால் எனக்குத் தெரியும்.
நீட்டினால் பக்கத்துப் பெட்டியில் இடிக்கும்.
பெட்டி நகர்ந்தால் கம்பி நீளும்.
கம்பி நீண்டால் எடை.
அவர் பேசப் பேசத் திரையில்
பதினொரு வரிகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

கீழே அந்தக் குரல்
எண்ணிக்கை தப்பிப்போய்
முதல் சட்டியிலிருந்து ஆரம்பிக்கிறது.