பால் கணக்கு நோட்டு

பால் கணக்கு நோட்டில் இப்போது
புழுக்கைக் கணக்கு.

‘இரவு 11: நாலு. மிளகளவு.
ஒன்றில் முடி கோத்திருக்கு.’
ஏர்போர்ட் ஷிஃப்டுக்கு ஓடும் அவசரத்தில்
சாய்ந்துவிட்ட உன் கையெழுத்து.

மூன்றரைக்கு எழுந்து
ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லி இழுக்கிறேன்.
துண்டில் சுற்றினால்
செம்பூர் ஸ்டேஷன் வாசல் ஃபிராங்கி மாதிரி இருக்கிறது
ஒன்பது வயதுச் சேட்டு.
கடைவாயோரம் விடணும் என்றார் பரேல் டாக்டர்.
பாதி உள்ளே,
பாதி என் நைட்டியில்.

வயிற்றில் காது வைக்கிறேன்.
ஹார்பர் லைனில் முதல் வண்டி கேட்கிறது.
முயலுக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து,
தண்ணி வராத குழாயில் காற்று புகுந்ததுபோல
ஒரு குளுக்.

மார்ச்சிலிருந்து இது ஐந்தாவது தடவை.
இன்னும் எத்தனை என்று
நாம் பேசிக்கொண்டதில்லை.
ரெண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்தால்தானே.

6.00: கொத்தமல்லித் தண்டு. முகர்ந்தது, அவ்வளவுதான்.
6.45: தின்றது!
7.10: பதினொன்று. ரெண்டு பழைய சைஸ்.

கூட்டி, அடிக்கோடு போட்டேன்.
குடையைத் தேடி, செருப்பு மாட்டி,
திரும்ப வந்து எழுதினேன்:
அடுத்த டோஸ் பதினொன்றரைக்கு.
அதுவரை தூங்கு.